கூடாப்பின் மேல் வைத்த கல்

மூன்றாவது கல்லையும் தூக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தபோது நாகமலைக்கு மேல் வானம் கறுத்திருந்தது. மிஷன் பள்ளியில் முப்பது வருடம் ஃபைலைத் தவிர வேறெதையும் தூக்கியறியாத உடம்பு. ரிட்டையர் ஆனபின் விவசாயி ஆனேன், வெள்ளாமையெல்லாம் யூடியூபில்தான். ஓடையோரத்து வயலுக்கு எரு வேண்டுமென்று முத்திருளனின் செம்மறிகளைக் கிடை போடச் சொன்னதும் நான்தான்.

"பள்ளமாக் கெடக்கேண்ணே. மேட்டுல போட்டுக்கிரவா?" என்று காலையில்கூடக் கேட்டான்.

"பங்குனியில ஓடையில ஏதுப்பா தண்ணி? பள்ளத்துக்குத்தான்யா எரு வேணும்."

தாயாடுகள் மேயப் போய்விட்டால், கூட நடக்கமுடியாத இளங்குட்டிகளைக் கூடாப்பில் அடைத்துவிட்டுப் போவார்கள். பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்தது போல இருக்கும். மூன்று கூடாப்பு, பதினாறு குட்டிகள்.

"நாய் வந்தா வெரட்டி விடுங்கண்ணே, அம்புட்டுத்தான்" என்றான் முத்திருளன். அவன் மனைவி ஒச்சாயி சிரித்தாள். "அண்ணனை நாய் வெரட்டாம இருந்தாச் சரி."

கேலி சுட்டுவிட்டது போல. கூடாப்புக்கு ஒன்றாகக் கல் ஏற்றினேன். இனி எந்த நாயும் புரட்டமுடியாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மழை பிடித்ததும் மோட்டார் ரூமில் ஒதுங்கி, அதை வீடியோ எடுத்து சென்னையிலிருக்கும் மகன் ஆலனுக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவன் கைதட்டும் எமோஜி அனுப்பியிருந்தான். அப்போதுதான் ஓடைப் பக்கம் இரைச்சல் கேட்டது. மலையில் பெய்ததெல்லாம் ஒரே மூச்சில் இறங்கிவிட்டது.

ஓடினேன். வயலில் இடுப்பளவு தண்ணீர். முதல் கூடாப்பின் கல்லைத் தள்ளி, கைக்கு அகப்பட்ட ஒரு குட்டியை அள்ளினேன். மற்றவை என் கால்களுக்கிடையே வெள்ளத்தோடு போயின. மீதி இரண்டு கூடாப்பும் தண்ணீருக்கடியில் அசையாமல் இருந்தன. கல் இல்லாதிருந்தால் மிதந்து புரண்டிருக்கும். உள்ளேயிருந்த குட்டிகளும் எப்படியாவது வெளியே வந்திருக்கும்.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. மடி கனத்த ஆடுகள் கத்திக்கொண்டே சேற்றில் ஓடிவந்தன. முத்திருளன் கூடாப்பின் முன் நின்றான்.

"கல்லு யாருண்ணே வச்சது?"

"நாய்க்காக..."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். கைக்குழந்தையை இறக்குவது போலக் கல்லை மெதுவாக இறக்கி வைத்தான். கூடாப்பைத் தூக்கவில்லை.

ஒச்சாயி என் கையிலிருந்த குட்டியைப் பிடுங்கி, முந்தானையால் துவட்டிக் கீழே விட்டாள். "எவ பெத்ததோ, அவளே வந்து பாக்கட்டும்."

முதல் ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகிக் கத்தியது. அடுத்ததும் அப்படியே. ஏழாவது ஆடு திரும்பியபோது, குட்டி அதன் பின்னாலேயே நாலடி தள்ளாடிப் போய் நின்றது. இன்னொன்று மூக்கை நீட்டியபடி வந்தது.