கரண்ட் போனால் திறக்கும் வால்வு

1.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், நான் கேட்கக்கூடாத ஒரு போன் பேச்சிலிருந்து இந்தக் கதை வந்தது. முன் சீட்டில் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண். "கரண்ட் வந்தா தெறக்கும், போனா மூடிக்கும். அவ்ளோதான் வால்வு. என்னப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாள். அந்தக் கடைசி வரியில் விழுந்தவன்தான், இன்னும் எழவில்லை.

அவளுக்கு எழிலரசி என்று பெயர் வைத்தேன். சிப்காட்டில் ஒரு சாயத் தொழிற்சாலையில் வால்வுகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீசியன். மறுமுனையில் தமிழ்மணி, சிதம்பரத்தில் குடிநீர் மிஷின் ரிப்பேர் செய்பவன். வால்வில் சந்தேகம் என்று போன் போட்டு, சந்தேகம் தீர்ந்த பிறகும் போனை வைக்காதவன். போன வாரம் கட்டிக்கிறீங்களா என்று கேட்டேவிட்டான். பாப்போம் என்றாள் இவள். நாளைக்கு அவன் வீட்டார் பண்ருட்டிக்கு வேறொரு பெண்ணைப் பார்க்கப் போகிறார்கள். இன்றைக்குச் சொன்னால்தான் உண்டு.

(வால்வு தெரியாதவர்களுக்கு: ஒரு கம்பிச் சுருள், உள்ளே ஓர் இரும்புத் துண்டு, அதை அழுத்த ஒரு ஸ்பிரிங். கரண்ட் வந்தால் சுருள் காந்தமாகி இரும்பைத் தூக்கும், வழி திறக்கும். போனால் ஸ்பிரிங் தள்ளி அடைத்துவிடும். உங்கள் வாஷிங் மிஷினுக்குள் 'டொக்' என்கிறாரே, அவர்தான்.)

2.

தொடக்கம் ஒன்று: பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் சூரியன் மெல்ல

ச்சே. அங்கே ஒரு வால்வும் கிடையாது.

தொடக்கம் இரண்டு: சாயம் கொதிக்கும் கலன் பக்கத்தில் எழிலரசி நின்றாள். இது போதும்.

எனக்கு ஒரு விபத்து வேண்டும். ஆபத்து வந்தால்தானே இவள் வாயைத் திறப்பாள்? எழுதுகிறவன் கையில் மின்வாரியத்தைவிட அதிகாரம் ஜாஸ்தி. மின்சாரம் போனது என்று எழுதினேன். நீராவி வால்வு திறந்தபடி நின்று, கலன் சூடேறி

இல்லை. ஸ்பிரிங் இருக்கிறதே. நீராவி வால்வு தானாக மூடிக்கொண்டது. போகட்டும், ஆறவைக்கும் தண்ணீரும் கூடவே நின்றுபோகும், அப்போது மாட்டுவாள் என்று கையைத் தேய்த்துக்கொண்டேன். அங்கேயும் எனக்கு ஆப்பு. தண்ணீர்க் குழாயில் போட்டிருப்பது தலைகீழ் வகை. கரண்ட் இருக்கிறவரை மூடியிருக்கும், போனால் ஸ்பிரிங்கே திறந்துவிடும். மேல்தொட்டித் தண்ணீர் இறங்கி, கலன் சாவகாசமாக ஆறியது. என் கிளைமாக்ஸும் ஆறியது.

3.

விபத்து இல்லை, வேலையும் இல்லை. எழிலரசி போனை எடுத்தாள். சத்தியமாக இதை நான் திட்டமிடவில்லை.

"இங்க கரண்ட் போயிடுச்சு" என்றாள்.

"அப்ப வால்வு மாதிரி நீங்களும் மூடிக்குவீங்க" என்றான் தமிழ்மணி, பாவம்.

"இன்னொரு வகையும் இருக்கு, ஒங்களுக்குத்தான் தெரியல. தண்ணி லைன்ல போடுறது. கரண்ட் போனாத்தான் தெறக்கும். நானும் அந்த வகைதான். இன்னொரு வாட்டி சொல்ல மாட்டேன், கேட்டுக்குங்க. எனக்கு ஒங்கள"

கரண்ட் வந்துவிட்டது.

அடப்பாவி, யார் வரச் சொன்னது? நான் எழுதவேயில்லை. டொக். தண்ணீர் வால்வு மூடியது, இவளும் மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் தமிழ்மணி ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருக்கிறான். விடிந்தால் பண்ருட்டி.

மூன்று முடிவு எழுதி மூன்றையும் கிழித்தேன். என் அதிகாரம் அவ்வளவுதான். நீங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டுதானே படிக்கிறீர்கள்? (பகலில் படிக்கிறவர்களுக்கு ஃபேன் போதும்.) கொஞ்சம் எழுந்துபோய் அந்த சுவிட்சை அணையுங்கள். மீதியை அவளே சொல்லிவிடுவாள்.