விசாரித்துப் பார்த்த சம்பந்தம்

அடுத்த வீட்டுக் கதை எனக்கு எதற்கு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஸ்டுட்கார்ட்டில் எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடி உருத்திரமூர்த்தி அண்ணையின் மகள் லக்சிகா, தாரகனைக் கட்டப்போகிறேன் என்று தகப்பனிடம் சொன்னாள். அடுத்ததாக அறிந்தவள் நான். பெடியன் எஞ்சினியர், குடியில்லை. அண்ணை மறுக்கவுமில்லை. "விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றார். டொரொண்டோவுக்கும் ஊரில் பருத்தித்துறைக்கும் தொலைபேசி அட்டைகள் தீர்ந்தன.

அந்த நேரம்தான் மூன்றாம் மாடி ரமோனா தன் நாவலை நூலகத்தில் வாசிக்க எங்களை அழைத்தாள். கறுப்பினப் பெண். தகப்பன் இங்கே முகாமிலிருந்த அமெரிக்கச் சிப்பாய். அவருடைய முன்னோர் பருத்தித் தோட்டத்து அடிமைகள். நான் போனது இலக்கியத்துக்காக அல்ல. அண்ணையும் மகளும் வருகிறார்களே, அதற்காக.

கதையில் ஒரு தாயை ஏலம் விடுகிறார்கள். விடுதலைக்குப் பிறகு மகள் தாயைத் தேடித் தோட்டம் தோட்டமாக அலைகிறாள், தாயின் பெயரே தெரியாது. லக்சிகா காதுக்குள் தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணை லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார்.

"மனிசரோ இவங்கள்!"

கையெழுத்து வாங்க வரிசையில் நிற்கும்போது லக்சிகா கேட்டாள்.

"அப்பா, தாரகன்ரை விஷயம்?"

"சரிவராது பிள்ளை. விசாரிச்சாச்சு. எங்கடை பூட்டன்ரை வளவிலை அடிமையாக் கிடந்த சனம்."

நான் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தேன். என் சப்பாத்தில் நாடா இல்லை.

மேசைக்கு வந்ததும் ரமோனா, "முகம் ஏன் இப்படி?" என்றாள். லக்சிகா தகப்பன் சொன்னதை ஒரு சொல்லும் குறையாமல் ஜெர்மனில் சொன்னாள்.

"ஏன்டி என்னைச் சந்திக்கு இழுக்கிறாய்?" என்றார் அண்ணை.

ரமோனா சீறுவாள் என்று காத்திருந்தேன். அவள் பேனாவை மூடினாள்.

"உங்கள் வளவில் இருந்தவர்களுடைய பெயர்கள் தெரியுமா? எங்களை வைத்திருந்த குடும்பத்திடம் கேட்டுக் களைத்துவிட்டோம். எவருக்கும் ஞாபகமில்லையாம்."

ஞாபகம் என்றால் அண்ணைக்குப் பெருமை. லக்சிகா தமிழில் சொல்லி முடிக்குமுன் வாய் முந்திவிட்டது.

"தெரியாமலோ? சின்னி. அவளின்ரை மகள் வள்ளி. வள்ளியின்ரை மூத்த பெட்டையைப் பூட்டன்ரை மகளின்ரை சீதனத்தோடை சீதனமா நீர்வேலிக்கு அனுப்பினவை."

"தாயை விட்டிட்டோ?" என்றாள் லக்சிகா.

அண்ணை புத்தகத்தைப் பார்த்தார். லக்சிகா கோட்டு மாட்டிக்கொண்டு தாரகனிடம் போய்விட்டாள்.

ஆவணியில் பதிவுத் திருமணம். அண்ணை வரவில்லை, நான் வராமல் இருப்பேனா? தாரகனின் தாய் என்னை ஓரமாக அழைத்தார்.

"அக்கா, லக்சிகா எல்லாம் சொன்னவள். நீர்வேலிக்குப் போன பிள்ளைக்கு என்ன பேராம்? ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

அன்று மாலையே அண்ணையின் கதவைத் தட்டிக் கேட்டேன். திறக்கவில்லை.

"அது ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் உள்ளேயிருந்து.

காதைக் கதவில் வைத்துப் பார்த்தேன். காலடிச் சத்தம் விலகவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணை அப்படியே நின்றுகொண்டிருந்தார்.