அந்த அறைக்குப் போகும் சைக்கிள்

“ஒரே ஒரு விஷயம், முதல்லயே சொல்லிடறேன். நான் குடியிருக்கிற அந்த ரூமை மட்டும் காலி பண்ண மாட்டேன்.”

“சரி.”

“ஏன்னு கேக்க மாட்டீங்களா?”

“கேட்டா சொல்லுவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்புறம் எதுக்குக் கேட்டு வாயை வலிக்க வைக்கணும்?”

கல்யாணத்தைப் பதிவு செய்வதற்கு முந்தின நாள், காபிக் கடையில் நடந்த பேச்சு இது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். ‘என்ன ஒரு பதில்!’ என்று மாப்பிள்ளை தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அன்றைய கெட்டிக்காரத்தனம் இன்றைக்கு மீன் முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். நாளெல்லாம் குனிந்தபடி எள்ளளவு திருகாணிகளோடு மல்லுக்கட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அந்தக் கழுத்தைப் பிடித்து நேராக்கிய பிசியோதெரபிஸ்ட்தான் அவள். வலிக்கு வைத்தியம் பார்க்கப் போனவர் கடைசியில் கழுத்தையே நீட்டிவிட்டார் என்று அவருடைய அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இருவருக்கும் நடுவயது. அவருக்கு இது முதல் கல்யாணம். அவள் கணவனை இழந்து, பல வருஷம் தனியாக இருந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் அவள் கிளம்பிவிடுவாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவள் தனியாகக் குடியிருந்த அந்த அறை. பஸ் சுற்றி வளைத்துப் போகும், நடுவில் ஒரு தடவை மாற வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வருவாள், நன்றாகத் தூங்கி எழுந்தவள் மாதிரி முகம் தெளிந்திருக்கும். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சந்தோஷமும் வரும், இந்தத் தெளிவு நம் வீட்டில் ஏன் வருவதில்லை என்ற நினைப்பும் வரும். இந்த வீட்டில் அவள் செருப்பைக்கூட வாசல் ஓரமாக, விருந்தாளி மாதிரி ஒடுக்கித்தான் விடுவாள்.

“பொண்டாட்டி ரெண்டு வீடு வச்சிருக்கா, நீ வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே? காலி பண்ணச் சொல்லுடா!” என்று அக்கா போனில் பொரிவாள்.

“சரிக்கா, சொல்றேன்கா.”

காலி பண்ணச் சொல்ல அவருக்கு எண்ணமே இல்லை. அவர் கேட்க நினைத்தது வேறு. அந்த அறையை ஒரு தடவை பார்க்க வேண்டும். அங்கே அவளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கேட்க மாட்டேன் என்று சொல்லியல்லவா சிரிக்க வைத்தார்? இப்போது கேட்டால் எந்த முகத்தோடு கேட்பது?

இந்த நிலைமையில்தான் அவள் ஆன்லைனில் சைக்கிள் வாங்கினாள்.

“ஆத்து மேல நடைபாலம் இருக்கில்ல, சைக்கிள்ல போனா அது வழியா குறுக்கே புகுந்துடலாம். இனிமே நினைச்சா நினைச்ச நேரம் போயிட்டு வரலாம்” என்றாள். ‘போயிட்டு’ அவர் காதில் விழுந்த அளவுக்கு ‘வரலாம்’ விழவில்லை.

சைக்கிள் வரும் என்று பார்த்தால் வந்தது ஓர் அட்டைப்பெட்டி. கழற்றி வைத்த கதவு மாதிரி ஒல்லியாக, சுவரில் சாய்ந்து நின்றது.

“ஏமாத்திட்டாங்களா? இதுக்குள்ள சைக்கிள் எப்படி இருக்கும்?”

“இருக்கும். ஆளையே மடக்கி ஸ்கேன் மெஷின்ல நுழைக்கிறோம், சைக்கிளை மடக்க முடியாதா?”

கூடத்து நாற்காலிகளை ஓரங்கட்டி, பழைய போர்வையை விரித்தார்கள். அவர் பெட்டியின் ஒட்டுநாடாவை நேர்க்கோட்டில், ஒரு பிசிறில்லாமல் அறுத்தார். உள்ளே நுரைத் தாள் சுற்றிய கரும்பச்சைச் சட்டம், பின்சக்கரத்தோடு. முன்சக்கரம் தனியே அதன் விலாவில் அணைத்துக் கட்டப்பட்டிருந்தது. ஹேண்டில்பார் தலையைத் தொங்கப் போட்டு வயரில் ஊசலாடியது. சீட், பெடல்கள், திருகாணிகள் எல்லாம் பொட்டலம் பொட்டலமாக.

அவள் சட்டத்தை நிமிர்த்தி, நோயாளியைத் தடவிப் பார்ப்பதுபோல விரல்களை ஓட்டினாள். “பாருங்க, இது இடுப்பு, இது முழங்கை. எல்லா மூட்டும் கழண்டு கிடக்கு, பாவம். நீங்க திருகாணி டிபார்ட்மெண்ட், நான் எலும்பு டிபார்ட்மெண்ட்.”

“உத்தரவு, டாக்டரம்மா.”

முன்சக்கரத்தைப் பொருத்துவதற்கு முன்னால் அதன் அச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் பிடித்தார். அவள் டயரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டிச் சுற்றிவிட்டாள். கம்பிகள் மறைந்தன. கைக்கு நடுவே ஒரு வெள்ளிப் புகைமூட்டம் மட்டும் சுழன்றது. தேனீ கூட்டுக்குள் முனகுவதுபோல ஒரு சத்தம்.

“இப்ப லேசா சாய்ச்சுப் பாருங்க.”

சாய்த்தார். சக்கரம் சாய மறுத்தது. மறுத்ததோடு நிற்காமல் வேறு ஒரு பக்கமாக அவர் மணிக்கட்டைத் திருப்பியது. ஆள் பிடித்து இழுப்பதுபோல. அவர் பதறிப்போய் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“அடேயப்பா! இதுக்கு உயிர் இருக்கு!”

“பயப்படாதீங்க, கடிக்காது. சுத்துற வரைக்கும் அப்படித்தான், விழ ஒத்துக்காது.”

இந்தத் தக்கைக் கனத்துக்குள் இத்தனை பிடிவாதமா? சக்கரம் மெள்ள மெள்ளத் தளர்ந்து, கம்பிகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, கடைசியில் நின்ற பிறகும் அவர் கீழே வைக்கவில்லை. “இன்னொரு தடவை சுத்து” என்றார், குழந்தை மாதிரி. அவளும் சளைக்காமல் சுற்றினாள்.

இடது பெடல் மட்டும் ஏற மறுத்தது. நோயாளிகளின் விறைத்துப்போன முழங்கால்களை மடக்கி மடக்கி அவள் கை உரமேறியிருந்தது. அந்தக் கையால் அவள் அழுத்தப்போக, அவர் குறுக்கே பாய்ந்தார்.

“வேணாம் வேணாம், பலம் காட்டாதே. திருகுப் புரி தேஞ்சிடும்.” பெடலை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். “அடடா! இதுக்குப் புரியை எதிர்ப்பக்கம் வெட்டியிருக்கான். வலது பெடல் வலப்பக்கமா ஏறுது, இது இடப்பக்கமாத் திருகினாத்தான் ஏறும்.”

“ஏன் அப்படி?”

“ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா, மிதிக்க மிதிக்க ஒண்ணு தானா கழண்டு வந்துடும். இப்படி வெட்டினா ரெண்டும் கழலாது.” அவர் குரல் தழைந்தது. “யாரோ ஒருத்தன் உக்காந்து இதை யோசிச்சிருக்கான் பாரேன். பேர்கூடத் தெரியாது நமக்கு.”

அவள் அந்தச் சின்ன இரும்புத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கி, இடப்பக்கமாகத் திருகி ஏற்றினாள்.

மாலைக்குள் சைக்கிள் எழுந்து நின்றது. காலையில் பொட்டலமாகக் கிடந்தது, இப்போது கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, ‘போகலாமா?’ என்று கேட்பதுபோல நின்றது. கூடமே சின்னதாகிவிட்டது. அவர் ஒரு துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

கட்டடத்துக்குக் கீழே, கார்கள் நிறுத்துகிற திறந்தவெளிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தாள். முதலில் ஒரு நெளிவு, அப்புறம் நேராகிவிட்டாள். விரல் தடிமன் டயர்கள் இரண்டு, அதன்மேல் நிமிர்ந்த முதுகோடு அவர் மனைவி. நரைக்கத் தொடங்கிய முடி காற்றில் பறந்தது. ஒன்றுமே பிடித்துக்கொண்டிருக்கவில்லை, ஆனாலும் விழவில்லை. இத்தனை காலமும் தெருவில் எத்தனையோ சைக்கிள் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு நாளும் இப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

மூலையில் திரும்பினாள். ஹேண்டில் திரும்பியது. சக்கரம் திரும்பவில்லை. அது தன்பாட்டுக்கு நேரே போய் மதிற்சுவரில் முட்டியது. அவள் ஒரு காலை ஊன்றித் தத்தித் தாவி நின்றாள்.

அவர் ஓடியே போனார். “அடி பட்டுச்சா? எங்க? கையைக் காட்டு!”

“ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை.” அவள் ஹேண்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அது கழுத்து கழன்ற பொம்மை மாதிரி இரண்டு பக்கமும் சுழன்றது. “எவ்வளவு இறுக்கினீங்க இதை?”

“இறுக்கிட்டு... அரைச் சுத்து திருப்பி விட்டேன்.”

“எதுக்கு?”

“ஃபிரேம் விரிசல் விட்டுடக்கூடாதேன்னு...”

சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மூக்குக்கண்ணாடிக்குச் செய்கிற அதே காரியம். கை தானாகவே செய்திருக்கிறது. அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி, “இல்லை, வேணும்னே லூசா விட்டீங்களா? நான் அங்க போய்ச் சேரக்கூடாதுன்னு?” என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. முகம் செத்துப்போயிற்று. சட்டைப்பையிலிருந்து, திருகாணி முடுக்குகிற வளைந்த சாவியை எடுத்துத் தலைகுனிந்து திருகாணியைத் தேடினார். சாவியைக் குழியில் வைக்கப் போய் இரண்டு தடவை தவறவிட்டார்.

“ஐயோ, சும்மா கிண்டலுக்குச் சொன்னேங்க.”

“தெரியும்.”

“பின்னே ஏன் இப்படி ஆயிட்டீங்க?”

அவள் முன்சக்கரத்தைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கி அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஒரு கையால் அவர் கையோடு சேர்த்துச் சாவியைப் பற்றினாள். இருவருமாக அழுத்தித் திருகினார்கள். திருகாணி முனகியது. இன்னும் கொஞ்சம். இனிமேல் அசையாது என்று தெரிந்த பிறகும் இரண்டு கையும் அங்கேயே இருந்தன.

“இப்ப போகலாம். இது எங்க வேணும்னாலும் கொண்டு போய்ச் சேர்க்கும்” என்றார் அவர்.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. போய்ப் பார்த்துட்டாப் போச்சு.” அவள் ஏறி உட்கார்ந்து ஒரு காலைப் பெடலில் வைத்தாள். இன்னொரு சுற்று வந்து பார்க்கத்தான். ஆனால் மிதிக்கவில்லை. அவர் ஹேண்டிலை விட்டால்தானே?

“என்னங்க?”

அவர் பச்சைச் சட்டத்தைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். கடைசியில் வேறு பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

“கேக்க மாட்டேன்னுதான் சொன்னேன். காலி பண்ணுன்னு சொல்ல வரலை, அது உன் ரூம், அப்படியே இருக்கட்டும். ஒரு தடவை... ஒரே ஒரு தடவை, என்னையும் அங்க கூட்டிட்டுப் போறியா?”