டைல்ஸ் அடுக்கும் தேனீக்களும்

கூட வேலை பார்க்கிறவர்கள், தரை மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே அவருக்கு வைத்துவிட்டார்கள்: ரசமட்டம். டைல்ஸ் போடுகிறவர். தரை ஒரு நூல் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. விருந்துக்குப் போன வீட்டிலும் முதலில் தரையைப் பார்ப்பார், அப்புறம்தான் வீட்டுக்காரர் முகத்தை. அப்பேர்ப்பட்டவருடைய சொந்தப் புழக்கடை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அடுத்தவர் வீட்டுக்கே ஓடிக்கொண்டிருந்தால் தன் வீட்டுக்கு நேரம் ஏது?

அவர் மனைவிக்கோ பொழுது விடிந்தால் தெருமுனைப் பூங்காவுக்குப் போயாக வேண்டும். எந்த மரம் துளிர்த்தது, எந்தக் குருவி எதைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறது என்று சகலமும் தெரிந்தாக வேண்டும். போன குளிர்காலத்தில் அங்கேயே ஈர இலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. பயம் போகவில்லை. வீட்டுக்குள் கைத்தடியோடு நடமாடுவாள். சமையலறைப் பின்வாசலுக்கு வந்ததும் கால் நின்றுவிடும். “வெளியே சமதரையில் நடந்து பழகட்டும். இப்போது விட்டால் அப்புறம் வீட்டுக்குள்ளேயேதான்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரசமட்டம் அன்றைக்கே புழக்கடையை அளந்தார். சமதரைதானே? போட்டுவிட்டால் போயிற்று! டைல்ஸ் வந்து இறங்கி, புழக்கடை நடுவில் இடுப்பளவுக்கு அடுக்காக நின்றது.

அவர் கையிலிருந்த வேலைகளை முடிப்பதற்குள் வசந்தம் முந்திக்கொண்டது. புழக்கடைப் பிளம் மரம் இலைகூட விடாமல் பூத்துத் தள்ளியது. மனைவி சமையலறை ஜன்னலே கதியென்று உட்கார்ந்தாள்.

“என்னங்க, டைல்ஸ் பக்கத்துல குட்டிக் குட்டியா மண்ணு குவிஞ்சிருக்கே, அது என்ன?”

“எறும்பா இருக்கும்.”

“எறும்பு பறக்குமா? போய்ப் பாருங்களேன்.”

போனார். ஒவ்வொரு மண்குவியலின் நடுவிலும் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. குப்புறப் படுத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கால் முழுக்க மஞ்சள் மகரந்தத்தை அப்பிக்கொண்டு ஒரு தேனீ வந்தது, பொந்துக்குள் சரேலென்று இறங்கியது.

“தேனீடி! மண்ணுக்குள்ள குடியிருக்குது!”

“ஒரே பொந்துல எல்லாமா?”

“இல்ல. ஆளுக்கொரு வீடு.”

“தனிக்குடித்தனமா? விவரமான பொம்பளைங்கதான்” என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

அன்றிலிருந்து தினமும் இதே பேச்சு. மழை வந்தால் வாசலை அடைக்குமா? ராத்திரி தூங்குமா? அந்த மஞ்சள் பொடியை உள்ளே கொண்டுபோய் என்னதான் செய்யும்? அவருக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. தெரியாததாலேயே வேலைக்கு நடுவிலும் அதே நினைப்பு. சிமெண்ட் வாங்கப் போன கையோடு பூதக்கண்ணாடி ஒன்றையும் வாங்கி வந்தார்.

ஆனால் டைல்ஸ்? போட்டால் பொந்தெல்லாம் மூடிப்போகுமே. “அதுங்க வேலை முடியட்டும், அதுவரைக்கும் நான் இப்படியே இருக்கேன்” என்றாள் அவள். எப்படி இருப்பாய்? நாளுக்கு நாள் கால் சூம்பிக்கொண்டு வருவதைப் பார்க்கிறவர் அவரல்லவா! யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பொந்துகள் பக்கம் போகவே வேண்டாம். வாசலை ஒட்டிய பாதிக்கு மட்டும் தரை போடலாம். டைல்ஸ் அடுக்கு வழியில் நிற்கிறது, அதை வேலியோரம் மாற்றிவிட்டால் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தேனீக்கள் பூவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு பொந்தைக்கூட மிதிக்காமல் அடுக்கை மாற்றினார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

“ஐயையோ, என்னங்க பண்ணி வெச்சீங்க?” ஜன்னலிலிருந்து கத்தினாள்.

சுமையோடு திரும்பிய தேனீக்கள் ஒன்றுகூட வீட்டுக்குள் போகவில்லை. வேலியோரத்தில் கும்பலாகச் சுற்றிச் சுற்றித் தரையை முட்டின. இங்கே பொந்துகள் திறந்த வாயோடு கிடந்தன.

“நான் எதையுமே தொடலடி! பொந்தெல்லாம் அப்படியேதான் இருக்கு.”

“பின்ன ஏன் அங்க போய் முட்டுதுங்க?”

“காத்தா இருக்கும்.”

“ஒரு இலை ஆடல. காத்தாம்!”

“என் வேர்வை நாத்தம் பிடிக்கலையோ என்னவோ.”

“அது எனக்கே பழகிப்போச்சு. விளையாடாதீங்க, நல்லாப் பாருங்க.”

பார்த்தார். ஒரு தேனீ டைல்ஸ் அடுக்கின் மூலையைச் சுற்றி வந்து, சற்றுத் தள்ளி இறங்கி, வெறும் புல்லைக் கிளறியது. மறுபடி மேலே எழும்பிற்று. மறுபடி மூலைக்கு வந்தது, மறுபடி அதே இடத்தில் புல்லைக் கிளறியது.

“அதுங்க பொந்தைப் பாக்கலங்க” என்றாள் மெதுவாக. “உங்க டைல்ஸைத்தான் பாக்குதுங்க. அதை அடையாளம் வெச்சுத்தான் வீட்டுக்கு வந்துட்டிருந்துச்சுங்க.”

அடப்பாவமே! வீட்டைத் தொடாமலே வீட்டை ஒளித்து வைத்துவிட்டாரே! ரசமட்டம் பதறிப்போய் அடுக்கைத் திருப்பிச் சுமக்க ஆரம்பித்தார். பழைய இடத்தில் புல் வெளுத்துச் சதுரமாக நசுங்கியிருந்தது. அந்த விளிம்பு பிசகாமல், மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொன்றாக வைத்தார். கடைசி டைல்ஸை வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

ஒன்றும் வரவில்லை. கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தார். அப்புறம் ஒரு தேனீ மட்டும் வேலியிலிருந்து தயங்கித் தயங்கி வந்து, மூலையைச் சுற்றி, நேரே பொந்துக்குள் இறங்கியது.

“போயிடுச்சு! உள்ள போயிடுச்சு!”

குரல் ஜன்னலிலிருந்து வரவில்லை. காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. திரும்பினார். அவள் அவர் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பின்வாசல் அந்தக் கோடியில் ஆவென்று திறந்து கிடந்தது. அதற்கும் இதற்கும் நடுவே அத்தனை மேடு, அத்தனை பள்ளம். கைத்தடியைத் தரையில் ஊன்றக்கூட இல்லை. அதை நீட்டி அடுத்த தேனீயைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“அதோ இன்னொண்ணு வருது பாருங்க!”

விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கத்த வாயைத் திறந்தார். கத்தினால் அவளுக்குப் பயம் ஞாபகம் வந்துவிடும். வாயை மூடிக்கொண்டார். சந்தோஷம்தான். கூடவே, சொன்னால் வெட்கம், தன் டைல்ஸ் தேவைப்படவில்லையே என்று கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

“ஏங்க, பூங்காவுலயும் இந்த மாதிரி இருக்குமா?” என்றாள், கண்ணை எடுக்காமல். “அந்த வேப்பமரம் மாதிரி ஒண்ணு நிக்குமே, அதுக்கடியில மண்ணு பொலபொலன்னு இருக்கும். நான் கவனிச்சதே இல்ல.”

“தெரியலையே.”

“போய்ப் பாத்துடலாமா?”

அவர் உள்ளே போய் அவளுடைய செருப்பை எடுத்து வந்தார். அதைக் காலடியில் வைக்கக் குனிந்தபோதுதான் கவனித்தார், அத்தனை மேடு பள்ளத்தையும் அவள் வெறுங்காலோடு தாண்டி வந்திருந்தாள்.