விடப்பட்ட ஆடுகள்

சந்திரகிரியில் சுலோச்சனா பஸ்ஸைவிட்டு இறங்கியபோது கோட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பனிதான் இருந்தது. தம்பி சம்பத் குடித்துவிட்டு இந்தப் பக்கம் திரிவதாக யாரோ சொன்னார்கள் என்று அப்பா தனசேகர் நேற்று ரேணிகுண்டாவிலிருந்து கிளம்பி வந்தவர். விடிந்தும் திரும்பவில்லை. போனும் அணைந்து கிடந்தது. சம்பத் அடிக்கடி காணாமல் போவான். அப்பா தேடிப் பிடித்துக் கூட்டி வருவார். சோறாக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பது அவள் வேலை. அந்தக் காத்திருப்பிலேயே கல்யாண வயதும் கடந்துவிட்டது. இன்றுதான் முதன்முதலாக அவள் தேடி வந்திருக்கிறாள்.

கோட்டைச் சாலையில் பனிக்குள்ளிருந்து ஆடுகள் ஒவ்வொன்றாக முளைத்து வந்தன. பின்னாலேயே கம்பளி போர்த்திய ஆட்டுக்காரர் ரங்கையா. அவளைக் கண்டதும் நின்றார்.

"ஒரு குட்டிய காணோம்மா. இதுங்கள கொஞ்சம் பாத்துக்கினு இரு."

பதிலுக்குக் காத்திராமல் பனிக்குள் இறங்கிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சபையில் பிரசங்கம் செய்வதுண்டு. காணாமல் போன ஒற்றை ஆட்டைத் தேடி மற்றவற்றையெல்லாம் விட்டுப் போகிற மேய்ப்பனைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உடையும். சபையே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சுலோச்சனா மட்டும் விடப்பட்ட ஆடுகளை நினைத்துக்கொள்வாள்.

இதோ, அவை. மேயவில்லை. விலாவோடு விலா ஒட்டி, ரங்கையா போன திசையையே பார்த்து நின்றன. ஒன்று அவள் முழங்காலில் சாய்ந்தது. ஈர ரோமத்தின் வாசம், சுடிதாரைத் தாண்டி ஏறும் சூடு. சாலையும் மலையும் கரைந்து போயின. எல்லா மூச்சும் ஒரே மூச்சாகி, அதில் தன்னுடையது எது என்று அவளுக்குத் தெரியாமல் போனது. அப்படியே நின்றுகொண்டிருக்கலாம் போலிருந்தது.

ரங்கையா குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இதுங்கள உட்டுட்டுப் போறதுக்கு பயமா இல்லியா?" என்று கேட்டாள்.

"நுவ்வு உன்னாவு கதம்மா," என்று சிரித்தார். நீதான் இருந்தாயே. மந்தை நகர்ந்தது. முழங்கால் குளிர்ந்தது.

சற்றுத் தள்ளி ஒரு டீக்கடையின் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. அதன் வாசலில் நின்றிருந்த அப்பா அவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். இரவெல்லாம் நடந்த கால்கள் தள்ளாடின.

"சம்பத் கெடச்சிட்டாம்மா. உள்ள பெஞ்சுல தூங்கறான். நீ எங்க இங்க?"

"உன்னத்தான் தேடிக்கினு வந்தேன் நைனா."

"நான் எங்க போயிடப் போறேன்?"

"நைனா, என்ன எப்பவாச்சும் தேடியிருக்கியா?"

அவர் அவள் தலையில் கை வைத்தார். "உன்ன எதுக்கும்மா தேடணும்? நீ வூட்லயேதான இருக்கற."

அதில் பிரியம் இருந்தது, பெருமையும் இருந்தது. அதனால் அவளால் கோபப்படக்கூட முடியவில்லை. அவர் முன்னே நடந்தார். சம்பத் என்ன துன்னானோ, ஜுரம் வேறு அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். சுலோச்சனா நின்றாள். பிறகு சாலையை விட்டு வேர்க்கடலைக் கொல்லைக்குள் இறங்கினாள். கொஞ்ச தூரம்தான். பனி அவளை மூடிக்கொண்டது.

அப்பாவின் பேச்சு நின்றது.

"சுலோ?"



"சுலோ... எங்கம்மா இருக்கற?" குரல் நடுங்கியது. டீக்கடையின் பக்கமாகச் சில காலடிகள் கேட்டன, தயங்கின, பிறகு திரும்பின. ஈரச் செடிகளை மிதிக்கும் சத்தம் கொல்லைக்குள் இறங்கி அங்குமிங்குமாக வந்துகொண்டிருந்தது. சுலோச்சனா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, தன் பெயர் பனிக்குள் கிட்டத்தில் வருவதைக் கேட்டபடி நின்றாள்.