பொதுக் கிடங்கில் என் வலது கை

என் வலது கை அலுவலகத்தின் பொதுக் கிடங்கில் பதிவாகியிருக்கிறது. கை தேவைப்படும் செயலிகள் எல்லாம் அங்கிருந்து அதை இழுத்துக்கொள்கின்றன.

எங்கள் நிறுவனத்தில் யாரும் நிரல் எழுதுவதில்லை. ஆயத்தமாக இருப்பதை இழுத்து வைத்துச் செயலி செய்கிறோம். ஒரு பொத்தானை ஒருவர் செய்து கிடங்கில் வைத்தால் போதும். அது எல்லாருக்கும் ஆகும். கை வேண்டும் என்று வந்தபோது எல்லாருடைய கையையும் பார்த்தார்கள். நான் கல்குவாரியில் வளர்ந்தவன். சம்மட்டி பிடித்தவன். “இது தாங்கும்” என்று சொல்லி என்னுடையதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கை என் தோளில்தான் தொங்கும். வேலை வேறெங்கோ நடக்கும். சோறு பிசையும்போது எழுந்துபோய் யாருக்கோ வழிகாட்டும். கல்யாண மண்டபச் செயலிக்காக ஒற்றையாகக் கும்பிடும். மருந்துக்கடைச் செயலிக்காக இல்லாத மாத்திரையை நீட்டும்.

ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். அதனால் கிடங்கில் கேட்காமல் யாரும் எதையும் தொடக்கூடாது. மண்டபச் செயலியைப் பார்க்கும் சிவசண்முகம் தொட்டான். தன் இருக்கையில் இருந்தபடியே கையைத் திருத்தி, ‘வெளியிடு’ என்பதை அழுத்திவிட்டான். நேற்று நான் தூங்கி எழுந்தபோது என் கையில் மருதாணி இருந்தது.

“ஏன்டா, என் கைல மருதாணி வெச்ச?”

“மண்டபத்துக்குப் பொருத்தமா இருக்கட்டும்னுதாங்ணா.”

“மருந்துக்கடைலயும் தெரியுதுடா.”

“ஏங்ணா, காய்ச்சக்காரனுக்குக் கல்யாணம் ஆகாதா?”

மருதாணி எனக்குப் பெரிய விஷயமில்லை. என் மகள் செவ்வந்திதான் விஷயம். இன்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவேன் என்று பிடிவாதமாக இருந்தாள். காலையில் கையை நீட்டினேன். அவள் பிடிப்பதற்குள் அது விலகிப்போய் மாத்திரை கொடுத்தது.

“அப்பா, உங்க கை என்னையப் பாக்கவே மாட்டேங்குது.”

இடது கையை நீட்டினேன்.

“அது வேண்டாம். அது பை தூக்குற கை.”

அவளைப் பையோடு வாசலில் நிற்க வைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

கிடங்கு வராந்தாவின் கடைசியில் இருக்கிறது. கிடங்கில் புதிதாக ஒன்று சேர்ந்தால் வராந்தா நீளும். நான் பாதி தூரம் போயிருந்தபோது யாரோ ஒரு நாட்காட்டியைச் சேர்த்தார்கள். கதவு தள்ளிப் போனது. வேகமாக நடந்தேன். ஒரு தேடல் பெட்டி சேர்ந்தது. ஓடினேன். இன்னும் நாலைந்து பேர் சேர்ப்பதற்குள் பாய்ந்து கதவைப் பிடித்துவிட்டேன்.

உள்ளே கிடங்குப் பொறுப்பாளர் ரெஜினா மேடம் ஏணி மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். அலமாரி முழுக்கக் கைகள். கீழே பெயர் ஒட்டியிருந்தது. கை. கை புதிது. கை கடைசி. கை இதுதான் கடைசி. எல்லாம் துடித்துக்கொண்டிருந்தன.

“இதுல என்னுது எதுங்க?”

“எல்லாம் உங்களுதுதான். எதையும் நாங்க அழிக்கிறதில்ல. யார் எங்க மாட்டியிருக்காங்கன்னு தெரியாதுல்ல? போன தடவை ஒரு காதை அழிச்சோம். ஒரு ஊரே பேச்ச நிறுத்திருச்சு.”

“என் கை எனக்கு வேணுங்க.”

“எந்தச் செயலிக்கு?”

“வீட்டுக்கு.”

“வீட்டுல எத்தன பேர் பயன்படுத்துறாங்க?”

“என் மக.”

“ஒரே ஆளா?” உதட்டைப் பிதுக்கினார். “முகூர்த்த நாள்ல மண்டபத்துக்கு எவ்வளவு கூட்டம் வரும் தெரியுமா?”

“இன்னைக்கு அவளுக்கு ஸ்கூல் மொத நாளுங்க. வாசல்ல நிக்கறா.”

“என் பையன் மொத நாள் தோசைக்கரண்டியப் புடிச்சுட்டுப் போனான். இன்னும் வெக்கல.”

“மேடம்.”

“சரி. இணைப்ப அறுத்துரலாம். கை உங்களோடயே இருக்கும். ஆனா அப்புறம் எந்தத் திருத்தமும் வராது. அறுக்கற நேரத்துல எப்படி இருக்குதோ, அப்படியேதான். நல்லா யோசிச்சுக்கங்க.”

“எங்கப்பன் யோசிச்சு யோசிச்சுக் கல்லு ஒடச்சிருந்தா நாங்க பட்டினிதான். அறுங்க.”

அவர் முறுக்கை ஓரமாக வைத்துவிட்டு அறுத்தார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. என் கை முன்னால் நீண்டது. உள்ளங்கையைக் காட்டியது. அப்படியே விறைத்தது.

“சுங்கச்சாவடிக்காரங்க இப்பத்தான் இழுத்திருப்பாங்க போல,” என்றார். “வண்டிய நிறுத்தற கை.”

“மடக்கி விடுங்க.”

“நாந்தான் சொன்னேனே.”

தெருவுக்கு வந்தேன். விறைத்த கை எனக்கு முன்னால் வந்தது. ஒரு பேருந்து நின்றது.

“ஏறுங்க,” என்றார் நடத்துனர்.

“ஏறலைங்க.”

“அப்புறம் எதுக்குய்யா நிறுத்தின?”

“நான் நிறுத்தல. கை.”

“கைய வீட்டுல வெச்சுட்டு வர வேண்டியதுதான?”

லாரி நின்றது. தண்ணீர்க் குழாய் நின்றது. ஒரு சாவு ஊர்வலம் நின்றது. பாடையில் இருந்தவர் தலையைத் தூக்கி, “நேரமாகுதுங்க,” என்றார். நான் வழிவிட்டு ஓடினேன்.

செவ்வந்தி வாசலிலேயே இருந்தாள். ஓடி வரப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். நின்றாள்.

“வா சாமி, போலாம்.”

“நிக்கச் சொல்றீங்களேப்பா.”

“நான் சொல்லலம்மா.”

அவள் யோசித்தாள். தன் உள்ளங்கையை என் உள்ளங்கையில் வைத்துத் தடவினாள். “காச்சுப் போயிருக்குது. உங்க கைதான்,” என்றாள். பிறகு தள்ளினாள். நான் ஒரு அடி பின்னால் போனேன். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

அப்படித்தான் போனோம். நான் பின்னோக்கி. அவள் முன்னோக்கி. “அப்பா, கல்லு” என்றாள். தாண்டினேன். “அப்பா, மாடு” என்றாள். ஒதுங்கினேன். கை என் கையாகவே இருந்தது. வேறெங்கும் போகவில்லை. நல்ல சூடு இருந்தது அவள் கையில்.

பள்ளிக்கூடத்து வாசலில் ஆசிரியை நின்றிருந்தார். நான் பின்னோக்கி வந்ததால் நான்தான் முதலில் உள்ளே போனேன்.

“சேர்க்கறது இவர் மட்டுந்தானா?” என்று செவ்வந்தியிடம் கேட்டார்.

“இப்போதைக்கு இவருதாங்க மிஸ்.”

“அழுவாரா?”

“கொஞ்சம்.”

ஆசிரியை கேட்டைச் சாத்தினார். செவ்வந்தி கம்பிக்கு வெளியே இருந்தாள். வா, வா என்று கூப்பிட்டேன். கை நில் என்றது.

அவள் நின்றாள்.