கதவில் ஒட்டிய தாள்

மூன்றாவது மதுக்கடையை எட்டுவதற்குள் டெல்ஃபினாவின் கால்கள் கெஞ்ச ஆரம்பித்துவிட்டன. ஐம்பத்தொன்பது வயதுக் கால்கள். பதினான்கு வருடமாக, வாரத்தில் ஐந்து சாயங்காலம், லூகோ நகரத்துக் கல்மதிலுக்குள் வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களை மேய்த்து, இங்கே ஒரு வாய் ஒயின், அங்கே ஒரு துண்டு ஆக்டோபஸ், நடுவே கொஞ்சம் சரித்திரம் என்று சுற்றிச் சுற்றித் தேய்ந்தவை. மழை வேறு நசநசவென்று பிடித்துக்கொண்டிருந்தது.

ஆனால் இன்றைய அலுப்புக்குக் காரணம் கால் இல்லை. அவளுடைய அண்ணன் எலாதியோ நேற்று விடியற்காலை போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தச் செய்தியைக்கூட மாடிவீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

அந்த ஊரில் சாவு விழுந்தால் தாள் அச்சடித்து மதுக்கடைக் கதவு, ரொட்டிக்கடை, சர்ச் வாசல் என்று ஒட்டிவிடுவார்கள். இறந்தவர் பெயர், கீழே உறவுக்காரர்கள் பெயர், அடக்கம் எப்போது என்ற விவரம். அதுதான் ஊருக்கு அழைப்பு. அதில் உறவு ஒன்றின் பெயர் விட்டுப்போனால், அந்த ஆளை ஊர் பார்க்கச் செருப்பால் அடித்த மாதிரி.

டெல்ஃபினாவுக்கு அந்த அடியை நினைத்துத்தான் பயம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அண்ணன் மகன் கல்யாணத்தில் அவளை அக்கம்பக்கத்தாரோடு சமையலறை வாசலோரம் உட்கார வைத்தாள் அண்ணி எர்மித்தாஸ். இறால் தட்டு வருவதற்குள் டெல்ஃபினா எழுந்து வந்துவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணனும் வாசல் ஏறி வரவில்லை, இவளும் இறங்கிப் போகவில்லை. அந்தக் குடும்பத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வீம்புக்கு மட்டும் வந்ததில்லை.

தாளில் பெயர் இருந்தால் அடக்கத்துக்குப் போவது, இல்லையென்றால் அந்தத் திசையில் தலை வைத்தும் படுப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். அதற்கு முதலில் தாளைப் படிக்க வேண்டும். நேற்றிலிருந்து அதற்குத்தான் தைரியம் வரவில்லை. கண்ணாடியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். ஜெனீவாவிலிருந்து அண்ணன் மகன் வந்து சேர வேண்டாமா, எப்படியும் நாளைக்குத்தான் அடக்கம், ராத்திரி வேலை முடிந்ததும் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முதல் கடையிலேயே கடைக்காரி சபேலா கையைப் பிடித்துக்கொண்டாள். "டெல்ஃபினா, என்னடி இது, இன்னிக்குமா வேலைக்கு..."

"குரூப் நிக்குது சபேலா. அப்புறம் பேசலாம்."

இரண்டாவது கடையிலும் அதே கதை. யாரையும் வாயைத் திறக்க விடவில்லை. எட்டு விருந்தாளிகளுக்கும் ஒயின் வாங்கிக் கொடுத்து, கூடவே காசில்லாமல் வரும் பலகாரத் தட்டை நகர்த்தி, வழக்கமான இடத்தில் வழக்கமான சிரிப்பைச் சிரித்து வெளியே ஓட்டி வந்தாள்.

மூன்றாவது, அமாரோவின் கடை. கதவைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கூட்டத்தில் ஒரு நெதர்லாந்துக்காரர் இருந்தார், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், எதையும் கேட்காமல் விடாத ரகம். போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏங்க, இந்தத் தாள் மூணு கடையிலயும் ஒட்டியிருக்கே. எலெக்ஷனா?"

"சாவு அறிவிப்பு."

"அட! இதத்தானே நாங்க பாக்க வந்தோம். கொஞ்சம் படிச்சு அர்த்தம் சொல்லுங்களேன்."

"கண்ணாடி கொண்டு வரலைங்க."

"அதுக்கென்ன?" போனில் பிடித்த படத்தை விரலால் விரித்து, எழுத்தைக் கட்டைவிரல் பருமனாக்கி அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். மற்ற ஏழு பேரும் கோப்பையும் கையுமாகச் சூழ்ந்துகொண்டார்கள். தப்பிக்க வழியில்லை.

படித்தாள். பதினான்கு வருடப் பழக்கம், குரல் தானாக வந்தது. "எலாதியோ, வயசு அறுபத்தாறு. அவரோட மனைவி எர்மித்தாஸ். மகன் இயாகோவும் மருமகளும்." வாத்தியார் விரலால் தள்ளினார். "அவர் உயிரா நெனச்ச தங்கச்சி... டெல்ஃபினா."

"உங்க பேரு!" என்று சந்தோஷமாகக் கத்தினார் வாத்தியார்.

போட்டிருக்கிறாள். எர்மித்தாஸ் போட்டிருக்கிறாள், அதுவும் இப்படியா! ஒன்பது வருடப் பாரத்தை யாரோ தோளிலிருந்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நாளைக்குக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அண்ணி பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அடுத்த வரி?" என்றார் அவர்.

"அடக்கம்..." அந்த வரியை இன்னொரு தடவை பார்த்தாள். "இன்னிக்கு. செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அஞ்சு மணி."

சுவர்க் கடிகாரத்தில் எட்டரை. ஐந்து மணிக்கு அவள் வீட்டில் சோபாவில் காலை நீட்டி, ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மாதான் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியில ஒரு வரி இருக்கே, அது?"

"வந்து சேந்துக்கிறவங்க எல்லாருக்கும் குடும்பத்தார் நன்றி சொல்றாங்க" என்று படித்தாள். குடும்பத்தார் நான்கே பேர். அதில் ஒருத்தி அவள்.

அவள் முகத்தைப் பார்த்த அமாரோ கையைத் துடைத்தபடி ஒயின் ஊற்றும் மேடையைச் சுற்றி வந்தான். "என்னக்கா... அப்ப நீ இத இப்பத்தான் பாக்கறியா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"நாங்க எல்லாம் நீ வீம்புக்கு வரலைன்னு நெனச்சோம்க்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணி அரைமணி நேரம் பெட்டிய கல்லறைக்குள்ள வைக்க விடல. மழையில நனஞ்சுக்கிட்டே நின்னா. பாதிரியார் ரெண்டு தடவ கேட்டுட்டாரு. டெல்ஃபினா வந்துருவா, டெல்ஃபினா வந்துருவான்னு ரோட்டையே பாத்துட்டு நின்னாக்கா."